கடிக்கும் ஃபெரெட்டைப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு ஃபெரெட் வாங்குகிறார்கள். நீண்ட உடம்பும் குட்டைக் காலும் உள்ள சிறு வளர்ப்பு விலங்கு அது. வாடகை வீடு மாறும்போதோ கல்யாணம் ஆகும்போதோ அது அம்மா அப்பாவின் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வந்துவிடுகிறது. பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்த்த ஃபெரெட்டுகளில் பல இப்படி வந்தவைதான். வந்த இரண்டாம் நாள் எனக்குப் போன் வரும்: "அண்ணே, புடிச்சா கடிக்குது, ரத்தம் வருது. எங்க அடிச்சா அடங்கும்?"

அடிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அது எந்தக் கடி என்பது. விளையாட்டாகக் கடிப்பது, பயந்து கடிப்பது, வலியில் கடிப்பது என்று மூன்று வகை உண்டு. ஒன்றுக்கான வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை கெட்டுத்தான் போகும். நான் பார்த்தவரை, மாதக்கணக்கில் பழகாமல் போகும் ஃபெரெட்டுகளின் கதையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆட்டமா, பயமா?

ஃபெரெட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கீரி என்பார்கள். கீரி வேறு குடும்பம். ஃபெரெட் ஐரோப்பாவின் போல்கேட் என்ற விலங்கிலிருந்து வந்தது. வளைக்குள் நுழைந்து முயலை விரட்ட 2000 ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் வளர்த்தது. இருட்டுப் பொந்தில் நுழைவதும், அசைவதைப் பல்லால் பிடிப்பதும் அதன் பிறவிக்குணம். குட்டிகள் ஒன்றையொன்று கழுத்தில் கவ்வி இழுத்துத்தான் விளையாடும். அவற்றின் தோல் தடிமன், கழுத்துப் பக்கம் இன்னும் தடிமன். அதே வேகத்தில் நம் விரலைக் கவ்வினால் ரத்தம் வருகிறது. அது நம்மைத் தன் கூட்டாளியாக நினைத்துத்தான் அப்படிச் செய்கிறது.

விளையாடும் ஃபெரெட் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் குதிக்கும், வாயைத் திறந்து தலையை ஆட்டும், 'டுக் டுக்' என்று தொண்டைக்குள் சத்தம் போடும். சுவரில் மோதிக்கொண்டு மறுபடியும் குதிக்கும். இதைப் பார்த்துவிட்டு 'பாய வருது' என்று துடைப்பத்தை எடுப்பவர்கள் உண்டு. அது சந்தோஷ ஆட்டம். பயந்த ஃபெரெட் மூலைக்குள் பின்வாங்கும், சீறும், வால் முடி பாட்டில் பிரஷ் மாதிரி சிலிர்த்து நிற்கும். கடித்தால் பிடியை விடாது. வால் மட்டும் சிலிர்த்திருந்தால் அது குஷியாகவும் இருக்கலாம். உடம்பு பின்னால் போகிறதா, முன்னால் வருகிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

அடிப்பது, மூக்கில் சுண்டுவது

விளையாட்டுக் கடிக்காரனுக்கு அடி என்பது இன்னும் முரட்டு ஆட்டம். அவன் இரண்டு மடங்கு உற்சாகத்தோடு திரும்பி வருவான். பயந்து கடிப்பவனுக்கோ, கை என்றால் வலி என்று முந்தின வீட்டில் கற்றதை நாமும் உறுதிசெய்து கொடுத்த மாதிரி ஆகும். அடித்து அடங்கிய ஃபெரெட் என்று சிலர் காட்டுவார்கள். அது பயத்தில் உறைந்து கிடக்கும். இன்னொருவர் தூக்கும்போது, முன்னறிவிப்பு இல்லாமல் கடிக்கும்.

பிடரித் தோலைப் பிடிப்பது வேறு விஷயம். தாய் குட்டியைக் கவ்வித் தூக்கும் இடம் அதுதான். அங்கே பிடித்தால் பெரும்பாலான ஃபெரெட்டுகள் தளர்ந்து கொட்டாவி விடும். நகம் வெட்டவும் ஊசி போடவும் இப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் பின்பக்கத்தை மற்றொரு கையால் தாங்க வேண்டும், சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். அந்தரத்தில் தொங்கவிட்டுக் குலுக்கித் திட்டுவது தண்டனை, அதுவும் அடிதான்.

கடித்தவுடன் கையை வெடுக்கென்று இழுப்பது எல்லோரும் செய்வது. இழுத்தால் பல் இறங்கிய இடம் கிழியும், தப்பி ஓடும் இரை என்று நினைத்து இன்னும் இறுக்கும். கஷ்டம்தான், ஆனால் கையை அசைக்காமல் வையுங்கள். முடிந்தால் விரலை அதன் வாய்ப்பக்கமாகவே லேசாகத் தள்ளுங்கள். விடாமல் பிடித்தால் பிடரியைப் பிடியுங்கள், அல்லது மூக்கருகே மீன் எண்ணெய் ஒரு சொட்டு காட்டுங்கள். நக்குவதற்காக வாயைத் திறக்கும்.

கடித்ததும் இறக்கிவிடுவது

பலர் கவனிக்காத தவறு இது. தூக்குகிறோம், கடிக்கிறது, 'ஆ' என்று கீழே விடுகிறோம். கடித்தால் விடுதலை என்று அது ஒரே நாளில் படித்துக்கொள்ளும். மறுநாள் கை படுவதற்கு முன்பே பல் வரும். கடித்தவுடன் கூண்டில் போடுவதும் கூண்டுக்குப் போக விரும்பும் ஃபெரெட்டுக்குப் பரிசுதான்.

ஆட விரும்பிக் கடிப்பவனை, தூங்கும் கூண்டில் போடாமல், எதுவும் இல்லாத வேறொரு கூடையில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஆட்டம் நின்றுபோவதுதான் அவனுக்கு உறைக்கும். அதற்குமேல் வைத்தால் எதற்காக உள்ளே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். திரும்ப வெளியே விட்டு, கைக்குப் பதில் ஒரு துணிப் பொம்மையைக் கொடுங்கள். மறுபடி கடித்தால் மறுபடி கூடை. கோபம் வேண்டாம்.

பயந்து கடிப்பவனுக்கு இந்தக் கூடை வேலைக்கு ஆகாது. அவனுக்கு மாற்றிச் செய்ய வேண்டும்: கடிக்கும் முன்பே, அமைதியாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். இன்றைக்கு ஐந்து விநாடி தூக்கி, ஒரு சிறு துண்டுக் கோழி கொடுத்து, இறக்கிவிட்டால் போதும். நாளைக்குக் கொஞ்சம் கூட. முதல் நாட்களில் தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்திருங்கள், அதுவாக வந்து மேலே ஏறட்டும். நீங்கள் போட்டுப் பழசான பனியனைக் கூண்டுக்குள் போட்டு வைத்தால் உங்கள் வாசனையோடு தூங்கிப் பழகும். வாரங்கள் ஆகும், சிலதுக்கு மாதங்கள் ஆகும். அவசரப்படும் குடும்பங்களில்தான் மூன்றாவது வீடு, நான்காவது வீடு என்று அது மாறிக்கொண்டே போகிறது.

மீன் சம்பால் கை

நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். நெத்திலிச் சம்பால் சாப்பிட்ட கையைத் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு ஃபெரெட்டிடம் நீட்டினால், அதற்கு அது கை இல்லை, சாப்பாடு. சோப்பு போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெய், லோஷன் தடவிய கையும் இப்படித்தான்: முதலில் நக்கும், அடுத்து பல் வைக்கும்.

வீட்டுக்குள் நாம் வெறுங்காலில் நடப்பதும் கவனிக்க வேண்டியது. கால் விரல்கள் ஃபெரெட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். பாட்டி நடக்கும்போது கைலி ஓரம் அசைந்தால் அதன் பின்னாலேயே ஓடி விரலைக் கவ்வும். ஃபெரெட் வெளியே இருக்கும் நேரத்தில் முதல் சில வாரம் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

கையுறை போடலாமா? தடித்த கையுறையில் நம் வாசனை தெரியாது, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று நமக்கும் தெரியாது. அதனால் பழக்குவதற்கு அது உதவாது என்பார்கள். ஆனாலும் ஆழமாகக் கடிக்கும் ஃபெரெட்டுக்கு ஆரம்ப நாட்களில் போடலாம் என்பது என் கட்சி. நடுங்கிப் பின்வாங்கும் வெறுங்கையைவிட நிதானமான கையுறைக் கை மேல். பயம் குறைந்ததும் கழற்றிவிட வேண்டும்.

மத்தியான வெயிலில் பழக்குவது

ஃபெரெட்டுக்கு வியர்க்காது. 30 டிகிரியைத் தாண்டினால் வெப்ப அதிர்ச்சி வரும் ஆபத்து உண்டு. நம் ஊர் மத்தியானம் சாதாரணமாகவே அதைத் தாண்டும், தகரக் கூரை வீட்டில் சொல்லவே வேண்டாம். விசிறி வியர்க்கும் உடம்பைத்தான் குளிர்விக்கும். ஃபெரெட்டுக்கு அது மட்டும் போதாது. ஏர்கோன் அறை, அது இல்லாத நேரத்தில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பது, ஈரத் துணி, வீட்டின் குளிர்ச்சியான சிமெண்டுத் தரை என்று ஏதாவது ஏற்பாடு இருக்க வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகித் துவண்டு கிடந்தால் அது அவசரம்: ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வழியில்லை என்றால் ஃபெரெட்டைத் தத்தெடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

விடியலும் அந்தி நேரமும்தான் ஃபெரெட் இயல்பாகச் சுறுசுறுப்பாக இருக்கும் வேளை. பழக்கும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும், சில சமயம் செத்துக் கிடக்கிறதோ என்று பயப்படும் அளவுக்கு. தூக்கத்தில் கையை விட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கத்தான் செய்யும். கூப்பிட்டு எழுப்புங்கள். தலை வெள்ளையாகவோ நெற்றியில் வெள்ளைக் கோடோ உள்ள ஃபெரெட்டுகளில் பல பிறவியிலேயே செவிடு. உங்களுடையது அப்படி என்றால் தரையைத் தட்டி, அதிர்வில் எழுப்ப வேண்டும். கூப்பிட்டும் அடங்காத முரடு என்று பேர் வாங்கிய ஒன்றுக்கு உண்மையில் காதே கேட்காமல் இருக்கலாம்.

பசியும் தோட்டத்து எலியும்

சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும். நாய்க்குப் போல காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை என்று வைத்தால் இடையில் பசித்துக் கடிக்கும். உணவு எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும். இறைச்சி மட்டுமே தின்னும் விலங்கு. சோறும் குழம்பும், பால், பிஸ்கட், வாழைப்பழம், மைலோ எதுவும் வேண்டாம். ஃபெரெட் உணவு கிடைக்காவிட்டால் இறைச்சிப் புரதம் நிறைந்த நல்ல பூனைக்குட்டி உணவு பரவாயில்லை.

'எலி பிடித்துப் போட்டால் சாந்தமாகும்' என்று யாராவது சொல்வார்கள். செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு விஷம் வைக்கிறார்கள். அதைத் தின்ற எலியைத் தின்றால் ஃபெரெட்டுக்குள்ளும் அந்த விஷம் போகும். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் வேறு இருக்கிறது. வேண்டாம்.

வீட்டில் ஆளுக்கு ஒரு சட்டம்

நீங்கள் பொறுமையாகப் பழக்குவீர்கள், தம்பி கையை வைத்து மல்லுக்கட்டுவான், பாட்டி அலறுவார், மாமா வந்து மூக்கில் சுண்டிவிட்டுப் போவார். ஃபெரெட் யாரை நம்பும்? முதல் வாரங்களில் இரண்டு பேர் மட்டும் கையாளட்டும். வெறுங்கையால் சண்டை விளையாட்டு யாருக்கும் கிடையாது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் காட்டுவதும் பட்டாசுச் சத்தமும் சேர்ந்தால் பழக்கியதெல்லாம் வீணாகும். கைக்குழந்தை இருக்கும் அறையில் ஃபெரெட்டை ஒரு நிமிடம்கூட தனியாக விடாதீர்கள். துணைக்கு இன்னொன்று வாங்கினால் சரியாகிவிடும் என்பது, கடிக்கும் ஃபெரெட் இரண்டாக ஆவதற்கு வழி.

திடீரென்று கடிக்கத் தொடங்கினால்

நன்றாகப் பழகிய, மூன்று வயது தாண்டிய ஃபெரெட் திடீரென முரடாகி, வாலில் முடி கொட்டினால் அட்ரினல் சுரப்பி நோயாக இருக்கலாம். வாயைப் பாதத்தால் பிராண்டி, வெறித்துப் பார்த்து, பின்னங்கால் தள்ளாடினால் கணையக் கட்டியால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். கருத்தடை செய்யாத ஆண் இனப்பெருக்கக் காலத்தில் மூர்க்கமாகும். கருத்தடை செய்யாத பெண் இனச்சேர்க்கை இல்லாமல் பருவத்திலேயே நீடித்தால், எலும்பு மஜ்ஜை பாதித்து ரத்தசோகையில் செத்தே போகும். இவற்றுக்கெல்லாம் பழக்குவது மருந்தாகாது. தெரு நாய்கள் அதிகமுள்ள ஊர்களில் டிஸ்டெம்பர் என்ற, நாய்களிடமிருந்து தொற்றும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியும் அவசியம். அந்த நோய் வந்த ஃபெரெட் பிழைப்பது அபூர்வம். நம் பக்கத்து மருத்துவர்கள் பெரும்பாலும் நாய் பூனை பார்ப்பவர்கள், அதனால் ஃபெரெட் பார்த்த அனுபவம் உண்டா என்று போனில் கேட்டுவிட்டு ஈப்போவுக்கு வண்டியை எடுங்கள்.

கடி பட்டவருக்கு: ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். பல் ஆழமாக இறங்கியிருந்தாலோ மறுநாள் வீங்கிச் சிவந்தாலோ கிளினிக்குக்குப் போய், டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.