ரோடு பைக் கியர்களை ஒப்பிடுவது எப்படி? முதலில் பல்லை எண்ணுங்கள்

கடையில் இரண்டு ரோடு பைக் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் ‘கிளாரிஸ்’ என்றும் இன்னொன்றில் ‘டியாக்ரா’ என்றும் எழுதியிருக்கிறது. இரண்டுமே ஷிமானோ நிறுவனத்தின் கியர் வரிசைகள், ஆனால் விலை எங்கோ தள்ளி நிற்கிறது. எதை எடுப்பது? தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நாம் காசு கொடுக்கிறோம், பார்த்தே ஆக வேண்டும்.

படி 1: ஏற்றத்துக்கான கியரைக் கணக்கிடுங்கள்

பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்வட்டம் செயின்ரிங். பின்சக்கரத்தில் அடுக்கடுக்காக இருப்பது கேசட். பல் எண்ணிக்கை பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும். அழுக்கில் தெரியவில்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒரு சுற்று எண்ணுங்கள்.

அப்புறம், சிறிய செயின்ரிங்கைப் பெரிய கேசட் பல்வட்டத்தால் வகுங்கள். 34-ஐ 28-ஆல் வகுத்தால் 1.21. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.21 சுற்று ஓடும். முன்னும் பின்னும் 34 என்றால் சரியாக 1. இந்த எண் குறையக் குறைய ஏற்றத்தில் மிதிப்பது இலகு.

25 மி.மீ. டயர் போட்ட, ரோடு பைக்குக்கு வழக்கமான 700சி அளவுச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் பின்னால் 28 பல் உள்ள பைக் மணிக்கு 9.2 கி.மீ. போகும், 34 பல் உள்ளது 7.6 கி.மீ. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் உங்கள் முழங்காலைக் காப்பாற்றும். ஒரே விலையில் 28 பல் சோராவும் (இதுவும் ஷிமானோ வரிசைதான்) 34 பல் கிளாரிஸும் கிடைத்தால், புதிதாக ஓட்டுபவருக்கு நான் கிளாரிஸைத்தான் சொல்வேன்.

படி 2: அடுக்குகளைப் பாருங்கள்

கிளாரிஸில் 8 அடுக்கு, சோராவில் 9, டியாக்ராவில் 10. 105 வரிசையில் ஆர்7000 என்றால் 11, ஆர்7100 என்றால் 12. அடுக்கு கூடினால் வேகம் கூடாது, கியர்களுக்கு இடையிலான தாவல்தான் குறையும். 11-28 கேசட்டையே, அதாவது 11 பல்லில் தொடங்கி 28 பல்லில் முடிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடுக்கில் 15-க்கு அடுத்து நேராக 13. 11 அடுக்கில் நடுவே ஒரு 14 உண்டு. தனியாக ஓட்டும்போது இது பெரிதாகத் தெரியாது. குழுவோடு ஒரே வேகத்தில் போகும்போது அந்த 14 இல்லாதது காலுக்குத் தெரியும்.

படி 3: லீவரைக் கையால் பழகுங்கள்

ஷிமானோவில் வலது பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் மிதிப்பது இலகுவாகும். அதன் பின்னால் உள்ள சின்ன லீவரைத் தட்டினால் கனமாகும். இன்னொரு நிறுவனமான ஸ்ராமின் கேபிள் கியரில் எல்லாம் ஒரே லீவர்தான்: லேசாகத் தட்டினால் கனம், நீளமாகத் தள்ளினால் இலகு. மூன்றாவது நிறுவனமான கம்பாக்னோலோவில் ஒன்றுக்குக் கட்டைவிரல் வேண்டும். எது உயர்ந்தது என்பதில்லை. ஹேண்டிலை வளைவில் பிடித்துக்கொண்டு உங்கள் விரல் எட்டுகிறதா என்று பாருங்கள், அது போதும்.

படி 4: பழைய பைக் என்றால் செயினை அளங்கள்

12 அங்குல ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு செயின் பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஊசியின்) நடுவில் வையுங்கள். 12-ஆவது அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு அச்சாக உட்கார வேண்டும். 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 1/8 என்றால் பெரும்பாலும் கேசட்டும் தேய்ந்திருக்கும். நான் வாங்கிய பழைய பைக்கில் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். புதுச் செயின் போட்டதும், அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் பல்லின் மேல் டக்கென்று வழுக்கியது. கேசட்டும் வாங்க வேண்டியதாயிற்று.

கேசட்டை மாற்றும்போது அடுக்கைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஷிமானோவின் பெரும்பாலான 11 அடுக்கு ரோடு கேசட்டுகளுக்கு, சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் கேசட் ஏறும் உடல் 1.85 மி.மீ. கூடுதல் நீளமாக இருக்க வேண்டும், பழைய 8, 9, 10 அடுக்குச் சக்கரத்தில் அவை ஏறாது. டியாக்ரா 4700-இன் பின் டீரெய்லரும் (செயினை ஒரு பல்வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) 10 அடுக்குதான், ஆனால் முந்தைய 4600 லீவரோடு ஒத்துவராது. ஒரு கிளிக்குக்கு இழுபடும் கேபிளின் அளவு இரண்டுக்கும் வேறு.