இணையதள மெனு: டிஃபால்ட்டை அப்படியே விட்டால் வரும் தவறுகள்

ஒரு பள்ளியின் இணையதளத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் தேடுவது சேர்க்கை விவரம், கட்டணம், தொலைபேசி எண். எல்லாம் தளத்தில் இருக்கும். ஆனால் மேல் மூலையில் உள்ள கோடுகளை அழுத்தினால்தான் தெரியும். இல்லையென்றால் ‘எங்களைப் பற்றி’ என்பதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனால்தான் விரியும். இப்படி இருக்கட்டும் என்று பள்ளியில் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். தீம் (தளத்தின் தோற்றத்தைத் தரும் ஆயத்த வடிவமைப்பு) செய்தவர் வைத்த டிஃபால்ட், அதாவது நாம் மாற்றாதவரை இருக்கும் ஆரம்ப அமைப்பு, அப்படியே நின்றிருக்கும்.

மெனுவில் எது தெரியும், எப்போது தெரியும், யாருக்குத் தெரியும் என்பதற்கெல்லாம் ஒவ்வொரு மென்பொருளிலும் ஏதோ ஒரு டிஃபால்ட் இருக்கிறது. அதை வைத்தவருக்கு உங்கள் தளத்துக்கு யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று தெரிய வழியில்லை. அதனால் ஒவ்வொரு டிஃபால்ட்டையும் ஒருமுறை திறந்து பார்த்து, ‘இது நம் தளத்துக்குச் சரிதானா’ என்று கேட்டே ஆக வேண்டும். உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸ் என்ற தளம் உருவாக்கும் மென்பொருளில் ஓடுவதால், பெரும்பாலும் அதை வைத்தே சொல்கிறேன்.

பெரிய திரையிலும் மெனுவை மறைப்பது

ஹாம்பர்கர் ஐகான் என்று நாம் சொல்லும் அந்தக் கோடுகள் 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தவை. பிற்பாடு ஸ்மார்ட்போன்கள் வந்தபோது, சின்னத் திரையில் இடம் இல்லாத காரணத்தால் எல்லா இடத்திலும் பரவின. காரணம் இடப்பற்றாக்குறை என்பதை மறக்கக் கூடாது. 1,400 பிக்சல் அகலத் திரையில் அந்தப் பற்றாக்குறையே இல்லை.

வேர்ட்பிரஸில் மெனுவைக் காட்டும் பகுதியான நேவிகேஷன் பிளாக்கில் ‘ஓவர்லே மெனு’ என்று ஒரு செட்டிங் உண்டு, மெனுவை எப்போது ஐகானுக்குள் மறைப்பது என்று சொல்வது அது. அதில் ஆஃப், மொபைல், ஆல்வேஸ் என மூன்று தேர்வுகள். டிஃபால்ட் ‘மொபைல்’, அது நல்ல தேர்வுதான். ஆனால் டெம்ப்ளேட்டின் முகப்புப் படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக ‘ஆல்வேஸ்’ போட்டு வைப்பவர்கள் உண்டு. அதை இறக்கிப் பயன்படுத்தும் கடைக்காரரோ சங்கமோ அந்த செட்டிங்கை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதன் விலை என்ன என்பதற்கு அளவீடு இருக்கிறது. இணையப் பயன்பாட்டு ஆய்வு நிறுவனமான நீல்சன் நார்மன் குழுமம் 2016இல் 179 பேரை வைத்து 6 இணையதளங்களில் சோதித்தது. கணினியில் மெனு மறைந்திருந்தபோது 27 சதவீதத் தருணங்களில்தான் மக்கள் அதைத் தொட்டார்கள். கண்ணெதிரே இருந்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மொபைலில் முழுக்க மறைத்தால் 57 சதவீதம். முக்கியமான சில இணைப்புகளை வெளியே வைத்து மிச்சத்தை மட்டும் மறைத்தால் 86 சதவீதம்.

அந்தக் கடைசி எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். ஏனென்றால் தீர்வும் அதிலேயே இருக்கிறது. மொபைலில் எல்லாவற்றையும் காட்ட இடமில்லை, சரி. ஆனால் இரண்டு அல்லது மூன்று இணைப்புகளுக்கு எப்போதும் இடம் உண்டு. மருத்துவமனை என்றால் ‘முன்பதிவு’, கோயில் என்றால் ‘நடை திறக்கும் நேரம்’, கடை என்றால் ‘விலைப்பட்டியல்’. இவற்றை வெளியே எடுத்து வையுங்கள். ஓவர்லேயை அணைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, தலைப்பகுதியில் தனியாக இரண்டு பொத்தான்கள் சேர்த்தாலே போதும்.

600 பிக்சல் என்ற கோடு

நேவிகேஷன் பிளாக்கில் ‘மொபைல்’ என்று தேர்ந்தெடுத்தால், திரை அகலம் 600 பிக்சலுக்குக் கீழே போகும்போதுதான் மெனு சுருங்கும். நிமிர்த்திப் பிடித்த டேப்லெட்டுகளில் பலவற்றின் அகலம் 768 பிக்சல். அங்கே முழு மெனுவும் வரும். ‘ஹோம்’, ‘அபவுட்’ என்று குட்டியாக எழுதும் ஆங்கிலத் தளத்துக்கு இந்தக் கணக்கு சரியாக இருக்கும். ‘முகப்பு’, ‘எங்களைப் பற்றி’, ‘நிகழ்ச்சிகள்’, ‘புகைப்படத் தொகுப்பு’, ‘தொடர்பு கொள்ள’ என்று போகும் தமிழ்த் தளத்தில் அது இரண்டு மூன்று வரியாக மடிந்து தலைப்பையே விழுங்கிவிடும். உடனே எல்லாவற்றையும் ஹாம்பர்கருக்குள் தள்ளிவிடத் தோன்றும். அதற்கு முன் சொற்களைக் குறையுங்கள். ‘தொடர்பு’ போதும், ‘படங்கள்’ போதும். எட்டு உருப்படிகளை ஐந்தாக்க முடியுமா என்றும் பாருங்கள்.

இதே கோட்டுக்கு இன்னொரு முகம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. கண்பார்வை மங்கியவர்கள் கணினியில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார்கள். 1,280 பிக்சல் அகலத் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கினால், உலாவியின் கணக்குப்படி அகலம் 320 பிக்சல் ஆகிவிடும். மேசைக்கணினி முன் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு வருவது மொபைல் மெனுதான். 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற, மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகள் இந்த 320 பிக்சல் நிலையிலும் பக்கம் ஒழுங்காக இயங்க வேண்டும் என்கின்றன. ஆகவே ‘மொபைல்காரர்களுக்குப் பழகிய ஐகான்தானே’ என்று விட்டுவிட முடியாது. ஐகானுக்குப் பக்கத்தில் ‘மெனு’ என்ற சொல்லையும் எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஆகும் இடம் மிகக் குறைவு.

புதுப் பக்கங்கள் தானாக ஏறிக்கொள்வது

நீங்கள் மெனு எதையும் உருவாக்காமல் நேவிகேஷன் பிளாக்கைப் போட்டால், வேர்ட்பிரஸ் ‘பேஜ் லிஸ்ட்’ என்ற பட்டியலை அங்கே வைத்துவிடும். வெளியிட்ட பக்கங்கள் எல்லாம் அதில் வரும். இன்று வெளியிடும் பக்கம் இன்றே மெனுவில் ஏறும். பழைய வகைத் தீம்களிலும் மெனு ஒதுக்காத இடத்தில் இதே மாதிரி எல்லாப் பக்கங்களும் வந்து நிற்கும்.

தளம் தொடங்கிய புதிதில் இது வசதி. அப்புறம் படிவம் அனுப்பியதும் வரும் ‘நன்றி’ பக்கம், சோதனைக்குப் போட்ட பக்கம், போன வருட விழா அறிவிப்பு எல்லாம் வரிசையில் சேர்ந்துகொள்ளும். அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து ‘எடிட்’ அழுத்தினால், இனி புதுப் பக்கங்கள் தானாகச் சேராது என்று எச்சரித்துவிட்டு, தனித்தனி இணைப்புகளாக மாற்றித் தரும். தளத்தை வெளியிடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஆனால் அதன் பிறகு புதுப் பக்கத்தை மெனுவில் சேர்ப்பது உங்கள் வேலை. பக்கம் போட்டாயிற்று, யாருமே பார்க்கவில்லையே என்று வருந்துபவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

மறைத்ததைப் பூட்டியதாக நினைப்பது

எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இது. நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்பு, உறுப்பினர் தொலைபேசிப் பட்டியல், மாணவர் மதிப்பெண் என்று ஏதோ ஒன்றைப் பக்கமாகப் போட்டுவிட்டு, மெனுவிலிருந்து மட்டும் எடுத்துவிடுவார்கள். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றினால் கதவு பூட்டியதாக ஆகாது. முகவரி தெரிந்தவர் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்கலாம். தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியிலேயே அது வரும். 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) தயாரித்துத் தேடுபொறிகளுக்குக் கொடுக்கிறது. வெளியிட்ட பக்கம் என்றால் அந்தப் பட்டியலிலும் இருக்கும்.

சிலர் இன்னும் ஒரு படி போய், தேடுபொறிகள் எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதித் தடுப்பார்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். எதை மறைக்க நினைத்தோமோ அதன் முகவரியை நாமே வெளியிட்டதாகிவிடும். தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் நிரல் கொண்டு இணைப்பை மட்டும் மறைப்பதும் இதே கதைதான், பக்கத்தின் மூலநிரலில் அது அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது பக்கத்தின் அனுமதியை மாற்றுவது. பக்கத்தின் நிலையை ‘பிரைவேட்’ என்று வைத்தால், உள்நுழைந்த நிர்வாகிகளும் எடிட்டர்களும் மட்டுமே பார்க்க முடியும். கடவுச்சொல் போடவும் வழி உண்டு. அதிலும் ஒரு சிக்கல்: பழைய வகை மெனுவில் பிரைவேட் பக்கத்தின் இணைப்பு வருகையாளருக்கும் தெரியும், அழுத்தினால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். ஆகவே அனுமதி, மெனு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உண்மையிலேயே ரகசியமான ஆவணம் என்றால் அதை இணையதளத்தில் ஏற்றவே வேண்டாம்.

நிர்வாகியாக இருந்துகொண்டே சரிபார்ப்பது

உள்நுழைந்த நிலையில் பார்க்கும் தளமும் வருகையாளர் பார்க்கும் தளமும் ஒன்றல்ல. உங்களுக்குத் திறக்கும் பக்கம் அவருக்குத் திறக்காமல் இருக்கலாம். வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் இது இன்னும் நுணுக்கமானது. ஒவ்வொரு மெனு உருப்படிக்கும் அணுகல் நிலை உண்டு. ‘ரெஜிஸ்டர்ட்’ என்று வைத்தால் உள்நுழைந்தவருக்கு மட்டும், ‘கெஸ்ட்’ என்று வைத்தால் உள்நுழையாதவருக்கு மட்டும். ‘லாகின்’ இணைப்புக்கு ‘கெஸ்ட்’ பொருத்தம். அதையே தவறுதலாகத் ‘தொடர்பு’ பக்கத்துக்கு வைத்துவிட்டால், உறுப்பினர் உள்ளே வந்ததும் அது காணாமல் போகும். மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை, சாதாரண உறுப்பினர் கணக்கில் ஒருமுறை, மொபைலில் ஒருமுறை பாருங்கள்.

துணைமெனு, விசைப்பலகை, நின்றுபோகும் ஸ்கிரிப்ட்

வேர்ட்பிரஸில் துணைமெனு டிஃபால்ட்டாகச் சுட்டியை மேலே வைத்தால் விரியும். தொடுதிரையில் அப்படி ‘மேலே வைக்க’ வழியில்லை. அதற்காகவே பக்கத்தில் சின்ன அம்புக்குறிப் பொத்தான் இருக்கிறது. அழகுக்காக அதை எடுத்துவிட்டால், விசைப்பலகையில் இயங்குபவருக்கும் துணைமெனுவைத் திறக்கும் பொத்தான் போய்விடும். அழுத்தினால் விரியும் தேர்வே எனக்குச் சரியாகப் படுகிறது. அதே வகை மென்பொருளான ட்ருபலில் வேறு மாதிரி: மெனு இணைப்பில் ‘ஷோ ஆஸ் எக்ஸ்பாண்டட்’ டிஃபால்ட்டாக டிக் ஆகியிருக்காது. துணைப்பக்கங்கள் ஏன் வரவில்லை என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு இரண்டு விஷயம். மெனுவைத் திரைக்கு வெளியே நகர்த்தி மட்டும் மறைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் டேப் விசை அந்த இணைப்புகள் ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும். மூடியிருக்கும்போது ‘விசிபிலிட்டி ஹிடன்’ அல்லது ‘டிஸ்ப்ளே நன்’ கொடுங்கள். அடுத்தது, சிஎஸ்எஸ்ஸில் மறைத்து வைத்து, ஜாவாஸ்கிரிப்ட் வந்து திறக்கும் என்று நம்புவது. ஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் நின்றால் மெனுவே இல்லை. ஆயத்த வடிவமைப்பு நிரல் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் 4க்கு எழுதிய மெனுவை 2021இல் வந்த 5ஆம் பதிப்பில் ஒட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ‘டேட்டா-டாகிள்’ என்பது ‘டேட்டா-பிஎஸ்-டாகிள்’ என்று மாறியதால் பொத்தான் இருக்கும், அழுத்தினால் எதுவும் நடக்காது. மெனு முதலில் தெரியட்டும், ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிய பிறகு அதுவே மறைக்கட்டும்.

தீம் மாற்றிய அன்று இவை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மெனு இடங்கள் தீமுக்குச் சொந்தமானவை. பழைய தீமில் ‘பிரைமரி’யில் இருந்த மெனுவைப் புதுத் தீமின் எந்த இடத்தில் வைப்பது என்று வேர்ட்பிரஸ் ஊகித்துப் பார்க்கும், சில நேரம் அது பொருந்தாது. நீங்கள் பார்த்துப் பார்த்து ஒழுங்குபடுத்திய மெனு கழன்று, எல்லாப் பக்கங்களும் கொண்ட பழைய பட்டியல் திரும்பி வந்து நிற்கும். மாற்றியவுடன் ‘மெனு லொகேஷன்ஸ்’ பகுதியைத் திறந்து பார்த்து, உங்கள் மெனு எங்கே இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.