சின்ன ஐஎஸ்பிக்கு கோர் ரௌட்டர் வாங்கப் போறீங்களா, முதல்ல ரூட்ட எண்ணுங்க

பினாங்குல பாயான் லெப்பாஸ் பக்கம் கொண்டோ, கடை வரிசைக்கெல்லாம் லைன் குடுக்குற ஒரு சின்ன ஐஎஸ்பில (இன்டர்நெட் குடுக்குற கம்பெனி) நெட்வொர்க் வேலை பாக்குறேன். கோர் ரௌட்டர், அதாவது கம்பெனி டிராஃபிக் முழுக்க கடந்து போற நடு ரௌட்டர் பத்தி விசாரிக்கிறவங்க எல்லாரும் எத்தன ஜிகா போர்ட்டுனுதான் ஆரம்பிக்கிறாங்க, அதை அப்புறம் பாக்கலாம் லா, அந்த பாக்ஸ் எத்தன ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்தப் பக்கம் போகணும்ங்கிற வழி) தாங்கும்னு முதல்ல கேளுங்க.

இன்டர்நெட்ல இருக்குற எல்லா ரூட்டும் சேர்ந்த லிஸ்ட்டுதான் ஃபுல் டேபிள். ஐபிவி4ங்கிற பழைய அட்ரஸ் முறைக்கு அது இப்ப 10 லட்சத்த ஒட்டி நிக்குது, புது முறையான ஐபிவி6 அதுக்கு மேல ஒரு 2 லட்சத்துக்கும் கூட. ரேம்ல இதெல்லாம் உக்காந்துரும், ஆனா பாக்கெட்ட தள்ளுற சிப்ல இடம் இருக்கணும், அதைத்தான் ஃபிப்னு சொல்றோம். 2014 ஆகஸ்ட் 12ல டேபிள் 512கேவ (5 லட்சத்து சொச்சம் ரூட்) தாண்டுனப்ப உலகம் பூரா பழைய ரௌட்டருங்க திணறுச்சு, காரணம் இதேதான்.

எங்களுக்கும் பட்டாச்சு. மலிவா கிடைச்சதுன்னு செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் ஒன்னு போட்டோம். ஒரு நாள் ராத்திரி 2 மணிக்கு ஃபோன் மேல ஃபோன், யூடியூப் வருது, பேங்க் பேஜ் வரல. உள்ள போய் பாத்தா பிஜிபி (ரௌட்டருங்க ரூட்ட பரிமாறிக்கிற முறை) செஷன் எல்லாம் நல்லா நிக்குது, லிங்க்ல ஒரு எர்ரர் இல்ல, சிபியு மட்டும் 100லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, லாக்ல டேபிள் ஃபுல்லுனு ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுது. அப்ஸ்ட்ரீம (எங்களுக்கு இன்டர்நெட் விக்கிற மேல் கம்பெனி) எழுப்பி டீஃபால்ட் ரூட் (வேற வழி தெரியாததையெல்லாம் ஒரே பக்கம் அனுப்புற ரூட்) மட்டும் குடுங்கன்னு கெஞ்சி வாங்குனோம், பத்து நிமிஷத்துல எல்லாம் சரி. அப்பதான் உறைச்சுச்சு, எங்களுக்கு ஃபுல் டேபிளே தேவையில்லன்னு.

அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி இத முடிவு பண்ணுங்க. அப்ஸ்ட்ரீம் ஒன்னுதானா, டீஃபால்ட் போதும். கோலாலம்பூர்ல மைஐஎக்ஸ் (ஐஎஸ்பிங்க நேரடியா டிராஃபிக் மாத்திக்கிற மலேசிய எக்ஸ்சேஞ்ச்) பியரிங்கும் இருக்கா, அந்த ரூட்டும் டீஃபால்ட்டும் போதும். ரெண்டு அப்ஸ்ட்ரீம்னா கூட ரெண்டுகிட்டயும் டீஃபால்ட்டும் அவங்க சொந்த கஸ்டமர் ரூட்டும் வாங்கி ஓட்டிரலாம். நீங்களே இன்னொரு நெட்வொர்க்குக்கு பிஜிபி டிரான்ஸிட் (உங்க வழியா முழு இன்டர்நெட்டும்) விக்கிறீங்க, இல்ல எந்த ஊருக்கு எந்த வழின்னு நீங்களே பிரிச்சு அனுப்பணும்னா மட்டும்தான் ஃபுல் டேபிளுக்கு காசு போடணும்.

புதுசா மலிவுன்னா மைக்ரோடிக்தான். சிசிஆர்2116ல 16 கோர், 16 ஜிபி ரேம், 10ஜி போர்ட் 4, நம்ம சைஸ்ல பல பேருக்கு இதே தாராளம். பெருசு வேணும்னா சிசிஆர்2216, அதுல 25ஜி 12, 100ஜி 2. ஆனா ஒன்னு கவனிங்க, அதோட சிப்ல ஐபிவி4 ரூட் 60 ஆயிரத்துலேர்ந்து 1 லட்சத்து 20 ஆயிரம் வரைக்கும்தான் கொள்ளும், மிச்சம் சிபியு வழியா போகும். எந்த ரூட் சிப்ல இருக்கணும்னு ஃபில்டர்ல நீங்களே சொல்லலாம், உங்க டிராஃபிக் அதிகமா போற ரூட்ட உள்ள விடுங்க. சிப் வழியா போற டிராஃபிக் சாதாரண ஃபயர்வால் ரூலையும் கியூவையும் தொடாம போயிரும், அதனால பிபிபிஓஇ (கஸ்டமர் லாகின்), நாட் (அட்ரஸ் மாத்துறது), ஸ்பீட் கட்டுறது எல்லாத்தையும் வேற பாக்ஸ்ல வைங்க. கோர் ரூட் மட்டும் பண்ணட்டும், தயவு செஞ்சு ஒன்னுலயே எல்லாத்தையும் திணிக்காதீங்க.

ஃபுல் டேபிள் கட்டாயம் வேணும்னா செகண்ட் ஹேண்ட் ஜூனிப்பர் எம்எக்ஸ்204 தேடலாம். 100ஜி 4, 10ஜி 8, ஆனா மொத்தம் 400ஜிதான், நாலையும் 100ஜில ஓட்டுனா அந்த 10ஜி எட்டும் கிடைக்காது. ரௌட்டிங் எஞ்சினும் (ரூட்ட கணக்கு போடுற மூளை) உள்ளயே ஒன்னே ஒன்னு, மாத்த ஸ்பேர் போட முடியாது. சப்போர்ட் கான்ட்ராக்ட் இல்லாம புது சாஃப்ட்வேர் இறக்க முடியாது, விக்கிறவர்கிட்ட அதைப் பேசாம காசு குடுக்காதீங்க.

டேட்டாஷீட்ல பெரிய பாக்கெட்ட வச்சு சொல்ற ஸ்பீட் நம்பர நம்பாதீங்க, 64 பைட்ல எவ்ளோன்னு பாருங்க. 10ஜி லிங்க் ஒன்னு ரொம்பணும்னா செகண்டுக்கு 1 கோடியே 48 லட்சம் சின்ன பாக்கெட், டிடாஸ் (பல இடத்துலேர்ந்து டிராஃபிக்க கொட்டி முடக்குற தாக்குதல்) வர்றப்ப அப்படித்தான் வரும்.

பெரிய பாக்ஸ் ஒன்னு வாங்குற காசுக்கு சின்னது ரெண்டு கிடைச்சா நான் ரெண்டுதான் வாங்குவேன். அப்ஸ்ட்ரீம் ஆளுக்கு ஒன்னு, கரண்ட் தனித்தனி லைன்ல. செகண்ட் ஹேண்டுனா விக்கிறவர் இடத்துலயே ஒரு ராத்திரி முழு ரூட்டோட ஓட விட்டு, ஒரு பவர் சப்ளைய கையால புடுங்கிப் பாத்துட்டு, அப்புறம் மிச்ச காச குடுங்க.