பவளப்பாறை மீன்களை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்னீர் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல்நீர்த் தொட்டிகளில் நிலைமை நேர்மாறு. அங்கே வளர்க்கப்படும் இனங்களில் மிகப்பல இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவைதாம். இதை அறியாமல், கடையில் விற்கும் மீன் எங்கோ வளர்க்கப்பட்டதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது முதல் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, சுறுசுறுப்பாக நீந்தும் மீனைக் கண்டதும் அது முறையாகப் பிடிக்கப்பட்டது என்று முடிவுகட்டுவது. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி இந்தோனேசியாவுக்கும் பரவிய ஒரு முறையில், மீன்பிடிப்பவர் சோடியம் சயனைடைக் கடல்நீரில் கரைத்து, பிளாஸ்டிக் புட்டியில் அடைத்துக்கொண்டு மூழ்கி, மீன் ஒளிந்திருக்கும் இடுக்குக்குள் பீய்ச்சுகிறார். மயங்கிய மீனைக் கையாலேயே எடுத்துவிடலாம். உள்ளே சிக்கியதை எடுக்கப் பவளத்தையே உடைப்பதும் உண்டு. சட்டம் தடைசெய்தும் இவ்வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அந்த நஞ்சு சுற்றியுள்ள பவள உயிர்களைக் கொல்கிறது. பிழைத்த மீனோ பார்வைக்கு நலமாக இருந்து, வாங்கியவர் வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இறந்துபோகலாம். அவர் தொட்டித் தண்ணீரைக் குறைசொல்லிக்கொண்டு இன்னொரு மீன் வாங்குகிறார். வியாபாரத்துக்கு இதில் நட்டமே இல்லை.

கைவலையில் பிடித்தால் போதும் என்பதும் அவசர முடிவே. ஆழத்திலிருந்து வேகமாக மேலே கொண்டுவரப்படும் மீனின் காற்றுப்பை உப்பிவிடுவதால் ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றுவதும், பயணத்தில் மீனை அடைத்துவைக்கும் பையின் நீர் கழிவால் கெடாமலிருக்கப் பட்டினி போடுவதும் இத்தொழிலில் வழக்கம்.

நிறத்துக்காக மட்டும் மீனைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தையன்றி வேறெதையும் உண்பதில்லை என்பதால், தொட்டியில் அவை பட்டினியால் சாகின்றன.

‘கடல் பெரிது, நாலு மீன் குறைந்தால் என்ன’ என்ற வாதம் எல்லா இனத்துக்கும் பொருந்தாது. பாங்காய் கார்டினல் மீனின் இயற்கை வாழிடம் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றியுள்ள சிறு பரப்பே. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாக்கிறது. குஞ்சுகளுக்குத் திறந்த கடலில் மிதந்து பரவும் பருவம் கிடையாது. எனவே ஓரிடத்தில் துடைத்தெடுத்தால், வேறிடத்திலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்புவது அரிது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் இதை அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. இத்தனைக்கும் இது தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யக்கூடிய மீன்!

வளர்க்க முடியாமற்போன மீனைக் கண்ட நீரில் விடவே கூடாது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் மேற்கு அட்லாண்டிக்கில் பெருகி, அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்ப்பதற்குத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுகிறது.

ஆனால் கடல்மீன் எதையுமே வாங்காதிருப்பதுதான் அறம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. வலையால் அளவாகப் பிடித்து வாழும் கரையோரக் குடும்பங்களுக்குப் பாறை உயிரோடிருப்பதில் நேரடி ஆதாயம் இருக்கிறது. கோமாளி மீன் போன்றவற்றைத் தொட்டியில் பிறந்ததாகவே வாங்கலாம். மற்றவற்றுக்கு, எந்தக் கடல், எந்த முறை என்று விற்பவரைக் கேட்க வேண்டும். முன்பணம் மட்டும் கொடுத்து மீனை இரண்டு வாரம் கடையிலேயே விட்டுவைப்பது இன்னும் நல்லது. இடையில் இறந்தால் நட்டம் விற்பவர் தலையில் விழும், அவரும் தம் மொத்த வியாபாரியிடம் அதே கேள்விகளைக் கேட்கத் தொடங்குவார்.