காத்திருக்கும் நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டு

ஜெபத்துக்குப் பதில் வராமல் மாதங்கள் ஓடுகிறதா? ஒரு நோட்டு எடுங்கள். இடது பக்கத்தில் வேண்டுதலையும் தேதியையும் எழுதுங்கள். வலது பக்கத்தில், அன்று உங்கள் கைக்கு வந்த ஒரு சின்ன வேலையை மட்டும் எழுதி, அதைச் செய்து முடியுங்கள்.

வலது பக்கம்தான் முக்கியம். பைபிளில் வரும் யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அடிமையாக விற்கப்பட்டவர், எகிப்து ராஜா பார்வோன் முன் நிற்கும்போது வயது 30. நடுவில் சிறை. அங்கே ஒருநாள் காலையில் இரண்டு கைதிகளின் முகம் வாடியிருப்பதைக் கவனித்து, "ஏன் இப்படி இருக்கிறீர்கள்?" என்று விசாரித்தார். அவர்கள் கண்ட கனவுகளுக்கு அர்த்தமும் சொன்னார். அரண்மனைக்கான வழி அந்த விசாரிப்பில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகும் அந்த இரண்டு பேரில் ஒருவனான, ராஜாவின் பானபாத்திரக்காரன் விடுதலையானதும் அவரை மறந்துபோக, இன்னும் 2 வருடம் உள்ளேயே கிடந்தார் என்பது வேறு கதை.

மனசு பாரமான நாளில் சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம்தான். முதல் இரண்டிலேயே "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. நீங்களும் தாராளமாகக் கேட்கலாம், அது அவிசுவாசம் இல்லை. கேட்ட தேதியையும் இடது பக்கத்தில் குறித்துவிடுங்கள்.