டாக்கர் ஆவணத்தில் மெமரி-ஸ்வாப் வரியைத் திருத்திய விதம்

டாக்கர் என்பது நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி. அதில் மெமரி 300 எம்பி, மெமரி-ஸ்வாப் 300 எம்பி என்று கொடுத்தால் கன்டெய்னருக்கு ரேம் 300, ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) 300 கிடைக்கும் என்று எங்கள் ஆவணத்தில் எழுதியிருந்தேன். தவறு. டாக்கர் ரன் கட்டளையில் மெமரி-ஸ்வாப் என்பது ஸ்வாப்பின் அளவு அல்ல. ரேமும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம். இரண்டும் சமமானால் ஸ்வாப் பூஜ்யம். அதனால்தான் மெமரி தீர்ந்து எங்கள் கன்டெய்னர் 137 என்ற வெளியேறும் எண்ணுடன் நின்றது: 128 கூட்டல் 9, இதில் 9 என்பது நிரலை உடனே நிறுத்தும் சிக்-கில் சிக்னல். ஆனால் மெமரி தீர்ந்ததற்கு 137 மட்டும் சான்றாகாது. டாக்கர் கில் கட்டளை கொடுத்து நாமே நிறுத்தினாலும் அதே எண்தான். கன்டெய்னரின் விவரங்களைக் காட்டும் டாக்கர் இன்ஸ்பெக்ட் கட்டளையின் வெளியீட்டில் ஓஓஎம்-கில்டு (மெமரி தீர்ந்ததால் நிறுத்தப்பட்டது) 'ட்ரூ' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது அந்த வரியின் கீழேயே கணக்கைப் போட்டிருக்கிறேன். மெமரி 300, மெமரி-ஸ்வாப் 1000 என்றால் ஸ்வாப் 700. மெமரி-ஸ்வாப்பை விட்டுவிட்டாலோ 0 கொடுத்தாலோ, ஹோஸ்டில் (கன்டெய்னர் ஓடும் கணினியில்) ஸ்வாப் இருந்தால், மெமரி அளவுக்கே ஸ்வாப்பும் கிடைக்கும், மொத்தம் 600. மைனஸ் 1 என்றால் ஹோஸ்டில் உள்ள ஸ்வாப் முழுவதும்.

எடுத்துக்காட்டுக் கட்டளையையும் மாற்றினேன். மெமரி போன்ற ஆப்ஷன்கள் இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் மூலக் கோப்பு) பெயருக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் டாக்கர் அவற்றைப் படிக்காது. உள்ளே ஓடும் நிரலுக்குத் தள்ளிவிடும்.