ஓரத்தில் தொடங்கலாம், ராஜாவை நடுவில் விடக்கூடாது

சதுரங்கத்தில் பி3, சி4 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) என்று ஓரத்திலிருந்து ஆட்டத்தைத் தொடங்குகிற பலர், நடுக்கட்டங்களை எதிராளியே பிடிக்கட்டும் என்று விடும்போது காய்களைத் தொடக்கக் கட்டத்திலிருந்து வெளியே இறக்குவதையும் சேர்த்துத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்க்க 1970 பெல்கிரேட் ஆட்டம் ஒன்றே போதும். சோவியத் அணிக்கும் உலக அணிக்கும் நடந்த போட்டி, முதல் பலகை (இரு அணிகளின் முதல் ஆட்டக்காரர்கள் மோதுவது), இரண்டாம் சுற்று. டென்மார்க்கின் லார்சன் வெள்ளை, அப்போதைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி கறுப்பு. 17 நகர்வில் வெள்ளை தோற்றது.

லார்சன் பி3, சி4 ஆடிவிட்டுக் குதிரையை எஃப்3இல் வைத்தார். கறுப்புச் சிப்பாய் இ4க்கு வந்து அதைத் துரத்த, குதிரை டி4க்குப் போய், அப்புறம் சி6இல் இருந்த குதிரையை வெட்டியது. ஒரே காய்க்கு மூன்று நகர்வு, கடைசியில் அதுவும் பலகையில் இல்லை! கறுப்புக்கோ திருப்பி வெட்டியதில் மந்திரிக்கும் யானைக்கும் வழி திறந்தது. ஸ்பாஸ்கி ராணிப் பக்கம் காஸ்லிங் (ராஜாவை ஓரம் நோக்கி நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் வைப்பது) செய்துவிட்டதால், ஜி7ஐக் குறிபார்த்திருந்த வெள்ளை மந்திரிக்கு அங்கே ராஜாவும் இல்லை.

பெரிய தவறு 10ஆவது நகர்வில் ஆடிய எஃப்4. ராஜா இன்னும் இ1இல் நிற்கும்போது அதற்கு முன்னாலிருக்கும் மூலைவிட்டத்தைத் திறந்துவிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அடுத்த ஏழு நகர்வும் காட்டுகின்றன. ஸ்பாஸ்கி குதிரையைப் பலிகொடுத்து ஜி3 வரை ஒரு சிப்பாயைக் கொண்டுவந்தார். ஜி1இல் நின்ற வெள்ளை யானை அதை மறித்தது. உடனே தன் யானையை எச்1இல் வைத்தார், வெட்டிக்கொள் என்று. வெட்டியதும் சிப்பாய் ஜி2க்கு வந்து அந்த யானையையே தாக்கியது, சிப்பாய் விலகிய வழியில் ராணி எச்4இலிருந்து செக் கொடுத்தது. ஆட்டம் முடிந்தபோது வெள்ளையின் ராணிப் பக்கக் குதிரையும் யானையும் தொடங்கிய கட்டத்திலேயே நின்றன, எனக்கு இதுதான் மனதில் நிற்கும் காட்சி.

பி3 மேல் பழி போடாதீர்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் பிஷர் அதை ஆடி ஜெயித்திருக்கிறார். சரி, நீங்கள் ஆடும்போது கறுப்பு இ5 ஆடியிருந்தால் மூன்றாவது நகர்வில் இ3 ஆடுங்கள், இ4 மிரட்டல் இருக்கும்வரை எஃப்3க்குக் குதிரையை அனுப்பாதீர்கள், எஃப் சிப்பாயைக் காஸ்லிங் முடிந்தபிறகு தொடுங்கள்.